வாங்காத சீட்டுக்கு வந்த பரிசு



தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கலக்கும் சீவலப்பேரி, நம்மவர் பலருக்குச் சொந்த ஊராகும். பாண்டியன் ஸ்ரீவல்லபன் பெயரால் அமைந்த பேரேரியே மக்கள் நாவில் தேய்ந்து சீவலப்பேரி ஆயிற்று என்பர் பெரியோர். பெயர் தேய்ந்தது, ஊர் நின்றது. அவ்வாறே, பெயர் பலவாக மாறியும் தன்மை சிறிதும் மாறாது இருநூறு ஆண்டுகளாய் நிலவிவரும் வஞ்சகம் ஒன்றுண்டு. அதன் வரலாற்றை நம்மவர் அறிதல் வேண்டுமென்று இதனை எழுதத் துணிந்தோம்.

எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், அவ்வூரில் நம் உறவின்முறையைச் சார்ந்த பெரியவர் ஒருவருக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. உலகத்து மின்னஞ்சல் முகவரிகளையெல்லாம் குலுக்கிப் பார்த்ததில் அவர் முகவரிக்கு ஐந்து லட்சம் பவுன் பரிசு விழுந்ததாகவும், பாதுகாப்பின் பொருட்டு இதனை எவரிடமும் வெளியிடலாகாதென்றும் அதிற் கண்டிருந்தது. முதலிற் பதிவுக் கட்டணம் என்றனர். பின்னர்ச் சுங்கம் என்றனர். அதன்பின் வரி என்றனர். மகளின் கல்யாணத்திற்கென வைத்திருந்த நகை அடகுக்குப் போயிற்று. பெரியவர் வாய் திறந்து நம்மிடம் கூறியபோது ஓராண்டு கழிந்திருந்தது. “பணம் போனதைக் காட்டிலும், இதனைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் என்னை வாட்டியது” என்றார். அச்சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். பிரான்சு தேசத்தில் முதலிற் கைதியாயிருந்து பின்னர்த் துப்பறியும் படைக்குத் தலைவனான வீடோக் என்பவன், 1828 ஆம் ஆண்டு முதல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில், சிறைவாசிகள் எழுதிய ‘ஜெருசலேம் கடிதங்கள்’ என்பவற்றை விவரித்திருக்கின்றான். ‘புரட்சிக் காலத்தில் என் எஜமானர் பொன்னும் வைரமும் நிறைந்த பெட்டியை மறைக்க நேர்ந்தது, அவ்விடம் எனக்குத் தெரியும், யானோ சிறையிலிருக்கின்றேன், தாங்கள் சிறிது பொருளுதவி செய்தால் அதனை மீட்கலாம்’ என்னும் கருத்துப்பட, ஊர்ச் செல்வர்களுக்கு அவர்கள் எழுதுவார்கள். நூறு கடிதங்களுக்கு இருபது மறுமொழி வந்தன என்று அவன் எழுதுகின்றான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதே கடிதம் ‘ஸ்பெயின் தேசத்துக் கைதி’ என்னும் வேடம் பூண்டு அமெரிக்கா வரையிற் சென்றது. 1980களில் நைஜீரியாவிலிருந்து தபால் மூலமும் பின்னர் ஃபாக்ஸ் மூலமும் பரவிற்று. அந்நாட்டுக் குற்றவியற் சட்டத்தின் வஞ்சகம் பற்றிய பிரிவின் எண்ணைக் கொண்டு உலகம் இதனை ‘419’ என்றே அழைக்கலாயிற்று. மின்னஞ்சல் பரவியபின் சிறைப்பட்ட கைதி மறைந்தான்; லாட்டரிப் பரிசு அவனிடத்தில் வந்தமர்ந்தது. 1994 இல் தொடங்கிய பிரிட்டன் தேசிய லாட்டரியின் பெயரையும், நம் ரிசர்வ் வங்கியின் பெயரையும் வஞ்சகர் கூசாது எடுத்தாண்டனர். அண்மைக் காலத்தில் ‘கௌன் பனேகா கரோர்பதி’ என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரால், இருபத்தைந்து லட்சம் ரூபாய் விழுந்ததாக வாட்ஸ்அப் வழியே செய்தி வருகின்றது. உடை வேறு, உடல் ஒன்றே.

லாட்டரி நமக்குப் புதியதன்று. கல்கத்தாவில் 1817 இல் லாட்டரிக் கமிட்டி அமைந்து, சீட்டு விற்ற பணத்தால் சாலைகளும் குளங்களும் உண்டாயின. அரசின் அனுமதி பெறாத லாட்டரிகளை ஒடுக்க 1844 இல் சட்டம் பிறந்தது. தமிழக அரசே 1968 இல் பரிசுச் சீட்டை நடத்தத் தொடங்கிற்று. பல குடும்பங்கள் நலிந்தபின், 2003 இல் எல்லா லாட்டரிச் சீட்டுகளின் விற்பனையும் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டது. ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால், 1967 இல் ஏற்பட்ட கேரள அரசின் லாட்டரி இன்றும் நடைபெறுகின்றது.

அந்த உண்மையான லாட்டரியை உரைகல்லாகக் கொண்டு பாருங்கள். ஆங்கே பணம் கொடுத்துக் காகிதச் சீட்டு வாங்கியவருக்கே பரிசுண்டு. சீட்டைக் கையிற் கொண்டுபோய்க் கொடுத்தாலன்றிப் பரிசு கிட்டாது. வருமான வரியையோ பரிசுத் தொகையிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பர். வென்றவரிடம் முன்பணம் கேட்பதில்லை. ஆகவே, வாங்காத சீட்டுக்குப் பரிசு என்பது பொய். பரிசு பெறுவதற்குப் பணம் கட்டு என்பது அதனினும் பெரும்பொய். அன்றியும், லாட்டரியிற் பங்குகொள்ள வெளிநாட்டிற்குப் பணம் அனுப்புதல் 1999 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தின்கீழ் விலக்கப்பட்டது. இதனை ரிசர்வ் வங்கி 2010 இல் சுற்றறிக்கை வாயிலாக எடுத்துக்காட்டி எச்சரித்துளது.

இத்துணை வெளிப்படையான பொய்யை எழுதுகின்றவர் மதியிலரோ எனிற் கூறுவோம். கோர்மாக் ஹெர்லி என்னும் ஆராய்ச்சியாளர் 2012 இல் இதற்கு விடை கண்டார். மின்னஞ்சல் அனுப்பச் செலவில்லை. மறுமொழி எழுதுவோரிடம் நாட்கணக்கிற் பேசுவதற்கே உழைப்பு வேண்டும். ஐயுறுவோர் தாமே விலகி, முற்றும் நம்புவோர் மாத்திரம் எஞ்சுவதற்காகவே கதை நம்பத்தகாததாய் அமைகின்றது என்பது அவர் முடிவு. ஆற்றில் இடும் வலையின் கண் பெரிதாயின் சிறு மீன் தப்பிவிடும். வேண்டிய மீனே அகப்படும். இதுவும் அத்தகைய வலையே.

நிற்க. இவ்வகைக் கடிதம் வந்தால் செய்யத்தக்கது யாது? மறுமொழி எழுதாதீர்; ‘வேண்டாம்’ என்றுகூட எழுதாதீர், முகவரி உயிருடன் உள்ளதென்று அவர்கள் அறிந்துகொள்வர். அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர். ஆதார், வங்கிக் கணக்கு, ஓடிபி எண் எதனையும் தாராதீர். பணம் போய்விட்டதாயின், அக்கணமே 1930 என்னும் எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். 2019 இல் தொடங்கப்பெற்ற தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். பணம் கை மாறிப் போகுமுன் கணக்கை முடக்குவதற்கு வாய்ப்புண்டு. ஒவ்வொரு மணியும் விலையுடையது. மின்னஞ்சலையும் பணம் செலுத்திய சான்றுகளையும் அழித்துவிடாதீர். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையுண்டு. சின்னாட் கழித்து, ‘இழந்ததை மீட்டுத் தருகின்றோம், கட்டணம் அனுப்புக’ என்று வேறொருவர் வருவராயின், அவரும் அக்கூட்டத்தாரே என்று கொள்க.

இவ்வளவும் கூறியபின் ஒன்று எஞ்சி நிற்கின்றது. ‘எவரிடமும் வெளியிடாதே’ என்னும் சொல்லே இவ்வஞ்சகத்தின் மூலதனம். ஸ்பெயின் தேசத்துக் கைதியும் அதனையே வேண்டினான்; சீவலப்பேரிக்கு வந்த மின்னஞ்சலும் அதனையே கட்டளையிட்டது. அக்கட்டளை பலித்தது எதனால்? ஏமாந்தவரை ‘பேராசைக்காரர், படித்தும் புத்தியில்லாதவர்’ என்று எள்ளும் வழக்கம் நம்மிடையே உள்ளமையால் அன்றோ? முதற் கட்டணத்தோடு அப்பெரியவர் தம் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பின் நகை வீட்டிலேயே இருந்திருக்கும். அவர் வாயைக் கட்டியவர் வஞ்சகர் மாத்திரம் அல்லர், நாமுமே.

ஆதலின் இளைஞர்க்கு ஒரு விண்ணப்பம். வீட்டுப் பெரியோர் கைபேசியைக் காட்டி ‘இது என்ன?’ என்று வினவினால் நகையாதீர். அருகமர்ந்து படித்துச் சொல்லுங்கள். பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். மறைக்கச் சொல்லும் கடிதத்தை அன்றே நால்வருக்குக் காட்டுங்கள். நம் முன்னோர் சங்கம் கண்டது விழாக் கொண்டாடுதற்கு மாத்திரம் அன்று. ஒருவர்க்கு வந்த துன்பத்தைப் பலர் அறிந்து தாங்குதற்குமாம். தமக்கு நேர்ந்ததை இவ்விதழில் எழுதுமாறு இசைவு தந்தவர் அப்பெரியவரே. ‘பெயர் வேண்டாம், செய்தி வேண்டும்’ என்றார். அவர்க்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.