சிபில் கார்த்திகேசுவின் கல்லறையும் உயிர்ப்பின் எதிர்நோக்கும்



ஈப்போவில் சுல்தான் இட்ரிஸ் ஷா சாலையில் புனித மிக்கேல் ஆலயம் இருக்கிறது. அதன் பக்கத்திலுள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில்தான் சிபில் கார்த்திகேசு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருடைய கதையை வகுப்பில் சொல்லி முடித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், கடைசியில செத்துத்தானே போனாங்க? அப்புறம் என்ன நம்பிக்கை?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரலாறு. சிபில் 1899இல் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்த யூரேசியப் பெண், தாதி, கத்தோலிக்கர். 1919இல் தமிழரான டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவை மணந்தார். இருவரும் ஈப்போவில் கிளினிக் நடத்தினார்கள். ஜப்பானியர் படையெடுத்தபோது, ஈப்போவுக்கு அருகிலுள்ள பாப்பான் என்ற ஈயச் சுரங்கப் பட்டணத்துக்குக் குடும்பம் இடம் மாறியது. அங்கே 74ஆம் எண் வீட்டில், ஜப்பானியரை எதிர்த்த கெரில்லா வீரர்களுக்கு சிபில் இரகசியமாக வைத்தியம் பார்த்தார். ரேடியோவை ஒளித்து வைத்து பி.பி.சி. செய்தியும் கேட்டார்.

1943இல் கெம்பித்தாய் அவரைக் கைது செய்தது. கணவரும் சிறைப்பட்டார். கடும் சித்திரவதை. அவருடைய சின்ன மகளையே மரத்தில் தொங்கவிட்டு மிரட்டினார்கள். அப்படியும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆயுள் தண்டனை பெற்று பத்து காஜா சிறையில் கிடந்தவர், 1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகுதான் வெளியே வந்தார். சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கமும் கிடைத்தது. ஆனால் ஜப்பானியப் பூட்ஸ் காலால் உதைபட்ட தாடைக் காயமே கடைசியில் உயிரைப் பறித்தது. 1948 ஜூன் 12ஆம் நாள் ஸ்காட்லாந்தில் இறந்தார். வயது 48. 1949இல் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. பழைய தமிழ் விவிலியம் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று மூன்றைப் பிரித்தது. பின்னர் வந்த பொது மொழிபெயர்ப்பு 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்கிறது. இந்த 'எதிர்நோக்கு'தான் நாம் பேசும் பொருள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று எண்ணுவது எதிர்நோக்கு ஆகாது.

உயிர்ப்பு என்பதும் பழைய வாழ்க்கைக்குத் திரும்புவது இல்லை. இயேசு எழுப்பிய லாசர் பிறகு மறுபடியும் இறக்க வேண்டியவர்தான். இயேசுவின் உயிர்ப்போ சாவைத் தாண்டிய வாழ்வு என்று கிறித்துவர்கள் நம்புகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். உயிர்த்த இயேசு தோமாவுக்குக் காட்டியது தம் காயங்களை. உயிர்ப்பு காயத்தை அழிக்கவில்லை. அந்தக் காயம் கடைசிச் சொல் ஆகாதபடி செய்தது. பெரிய வெள்ளி இல்லாமல் ஈஸ்டர் இல்லை.

அதே 1943இல் நம் தோட்டங்களில் என்ன நடந்தது? ரப்பர் மரம் சீவிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் பசியிலும் செத்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல்லறைகூட இல்லை. லயங்கள் இருந்த பல இடங்களில் இன்று செம்பனையும் வீடுகளும்தான். கல்லறை இல்லாதவரையும் கடவுள் பெயர் சொல்லி எழுப்புவார் என்பதே கிறித்துவ எதிர்நோக்கின் ஆழம். இதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் சமயம். ஆனால் மறக்கப்பட்டவரை நினைப்பது எல்லாருக்கும் உரிய கடமை.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: சிபிலைப் பற்றி எழுதும்போது 'இறுதியில் வெற்றி பெற்றார்' என்று முடித்துவிடாதீர்கள். அவர் என்ன இழந்தார் என்பதையும் எழுதுங்கள். அப்போதுதான் அவர் எதைப் பற்றிக்கொண்டு நின்றார் என்பது புரியும்.

அடுத்த வாரம் இதையெல்லாம் அந்த மாணவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "அப்படின்னா, பொழைச்சுக்குவோம்னு நெனச்சு அவங்க வாயை மூடிக்கிட்டு இருக்கல, இல்ல டீச்சர்?" என்றாள்.

இல்லை என்றேன்.