ஊர்க்கட்டுப்பாடும் ஒத்துப்போதலும்



‘ஊரோடு ஒத்து ஓடு’ என்பார்கள். சேரியை வெளியே நிறுத்திவிட்டுத் தன்னை மட்டும் ஊர் என்று சொல்லிக்கொள்ளும் தெருக்களின் அறிவுரை அது. அந்த ஊர் கூடி எடுக்கும் முடிவுக்கு ஊர்க்கட்டுப்பாடு என்று பெயர். முடிவெடுக்கும் இடத்தில் நாம் இருப்பதில்லை. அது வந்து விழுவது நம் மீதுதான். ஊரிலுள்ள அத்தனை பேரும் அதற்கு ஏன் கட்டுப்படுகிறார்கள்? நம் வரலாற்றெழுத்து கேட்க வேண்டிய கேள்வி இது.

1996 உள்ளாட்சித் தேர்தலின்போது மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பத்தாண்டுகள் அங்கே ஒரு தலைவர் நிலைத்து அமர முடியவில்லை. தேர்தல் திரும்பத் திரும்ப அறிவிக்கப்பட்டது. மனுச் செய்ய ஆளில்லாமல் போனதும் உண்டு; வென்றவர் உடனே பதவி விலகியதும் உண்டு. வாக்கு ரகசியம்தான். ஆனால் புறக்கணிப்பு அறிவித்த ஊரில் வாக்குச்சாவடிக்கு நடந்து போவது ரகசியமல்ல.

1950களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் ஓர் எளிய சோதனை நடத்தினார். ஓர் அட்டையில் ஒரு கோடு, மற்றொன்றில் மூன்று கோடுகள். எது எதற்குச் சமம் என்று சொல்ல வேண்டும். முன்பே பேசிவைத்தவர்கள் எல்லாரும் ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். விஷயம் தெரியாத ஒருவர் மட்டும் நடுவில் இருப்பார். அப்படி இருந்தவர்களில் நால்வரில் மூவர் ஒருமுறையேனும் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். பலருக்குக் கண் பிசகவில்லை. தனித்துத் தெரியத்தான் கூசினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது இப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. விடையைத் தனியே எழுதிக் கொடுக்கச் சொன்னபோதும் குறைந்தது.

சோதனைச்சாலையில் தண்டனை கூச்சம் மட்டுமே. சாதியின் தண்டனை அப்படியல்ல. 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் இதையே சுட்டினார்: விதியை மீறும் தன் உறுப்பினரை விலக்கிவைக்கும் அதிகாரம் சாதியிடம் இருக்கிறது, அதனால்தான் தனிமனிதர் துணிவதில்லை. கொள்வினை கொடுப்பினை நின்றுபோகும், நல்லது கெட்டதுக்கு ஆள் வராது என்ற அச்சமே ஊரின் ஒருமித்த குரலைக் காக்கிறது. அந்தக் குரலுக்குள் உடன்படாத மௌனங்களும் உண்டு.

ஆனால் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். விலகிய தலித் வேட்பாளரை ‘ஒத்துப்போனவர்’ என்று எழுதக் கூடாது. மேலவளவில் அச்சுறுத்தலுக்கு நடுவே வென்று தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வெட்டு எல்லா ஊராட்சிகளுக்கும் சொல்லப்பட்ட செய்தி. கூலி வேலையும் கடைச் சாமானும் உயிரும் பிறர் கையில் இருக்கும்போது நடப்பது பணியவைத்தல். 1930இல் வட்டமேசை மாநாட்டுக் காலத்திலேயே சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கக் கோரினார் அம்பேத்கர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது வெளிப்படையான குற்றமாகச் சேர்ந்தது 2015 திருத்தத்தில்தான்.

2006 அக்டோபரில் அந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். எல்லார் மனமும் மாறிவிட்டதென்று நாம் கொள்ளவில்லை. அரசு நிர்வாகம் இம்முறை உறுதியாக நின்றது, ஊராரோடு பேசியது. தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் பிரச்சினையை ஆறவிடவில்லை. மீறினால் தனித்துப்போவோம் என்ற பயம் தளர்ந்தபோது, பத்தாண்டுக் கட்டுப்பாடும் தளர்ந்தது.

ஆகவே, அடுத்த முறை ‘ஊரே முடிவெடுத்தது’ என்று ஓர் ஆவணத்தில் படிக்கும்போது நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள்? யார் பேசாமல் இருந்தார்கள்? பேசியிருந்தால் அவர்கள் எதை இழந்திருப்பார்கள்? இந்தக் கேள்விகளோடு எழுதப்படும் வரலாறு, நாளை ஊருக்குள்ளிருந்து மறுத்துப் பேச எழுகிற முதல் ஆளுக்குத் துணையாக நிற்கும்.