பூங்காவுக்கு யார் பொறுப்பு? சிங்கப்பூர் சொல்லும் வரலாறு

சிங்கப்பூரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் "சிங்கப்பூர் ஒரு பசுமை நகரம்" என்றுதான் தொடங்குவார்கள். தவறில்லை. ஆனால் வரலாற்றுக் கட்டுரைக்கு அது போதாது. பசுமை எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள், வந்ததை யார் கட்டிக்காக்கிறார்கள் என்று கேட்கும்போதுதான் வரலாறு ஆரம்பிக்கிறது. மரம் நடுவது ஒரு நாள் வேலை. அதைப் பார்த்துக்கொள்வது ஐம்பது வருஷ வேலை. நாம் இங்கே பார்க்கப்போவது அந்த ஐம்பது வருஷ வேலையைத்தான்.

பூமலையும் பந்தயத் திடலும்

நம் பெரியவர்கள் 'பூமலை' என்று சொல்லும் தாவரவியல் பூங்கா, இப்போது இருக்கும் தங்ளின் பகுதியில் 1859இல் தொடங்கியது. தொடங்கியது அரசாங்கம் இல்லை. உறுப்பினர்கள் பணம் போட்டு நடத்திய ஒரு தோட்டக்கலைச் சங்கம். கடன் ஏறியது, சங்கத்தால் சமாளிக்க முடியவில்லை. 1874இல் காலனி அரசாங்கம் பூங்காவை ஏற்றுக்கொண்டது. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் ரப்பர் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். அதாவது, அன்றைய பூங்கா மக்கள் உலாவும் இடம் மட்டுமல்ல. காலனியின் வருமானத்துக்கு வழிதேடிய ஆய்வுக்கூடமும்கூட.

தேக்கா பக்கம் போனால் 'ரேஸ் கோர்ஸ் ரோடு' என்று ஒரு சாலை இருக்கிறது. குதிரை இல்லாத இடத்தில் ஏன் அந்தப் பெயர்? ஃபேரர் பார்க் திடல் முன்பு குதிரைப் பந்தயத் திடல். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறியது. திடல் பொது விளையாட்டுக்குக் கிடைத்தது. 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, சரணடைந்த பிரிட்டிஷ் படையின் இந்திய வீரர்கள் பல்லாயிரம் பேர் ஜப்பானியர்களிடம் ஒப்படைக்கப்பட்டதும் இதே திடலில்தான். ஒரு பொதுத் திடல் எத்தனை விதமாகப் பயன்படுகிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே உள்ள சான்று இது.

நட்டால் மட்டும் போதுமா?

1963 ஜூன் 16ஆம் தேதி பிரதமர் லீ குவான் இயூ, ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1967 மே மாதத்தில் 'தோட்ட நகரம்' என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. இந்த இரண்டு தேதிகளும் பாடப்புத்தகத்தில் வந்துவிடும். ஆனால் அவற்றுக்கு நடுவில் கற்ற பாடத்தை நாம் விட்டுவிடுகிறோம்.

நட்ட மரத்தைக் கவனிக்க ஆளில்லை என்றால் அது பட்டுப்போகும். கன்றைப் பிடுங்குபவர்கள், மிதித்துவிட்டுப் போகிறவர்கள் எல்லாம் இருந்தார்கள். நட்ட பிறகு பராமரிப்பதற்கென்றே ஒரு தனித் துறை தேவைப்பட்டதை லீ குவான் இயூ தம் நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர் நகருக்குள் வரும்போது, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட மரங்களையும் புல்வெளியையும் பார்த்தாலே இந்த நாட்டின் நிர்வாகத்தை நம்புவார் என்ற கணக்கும் அதில் இருந்தது.

அதனால்தான் 1967இல் பொதுப் பணித் துறைக்குள் பூங்கா, மரப் பிரிவு அமைக்கப்பட்டது. 1971இல் ஆண்டுதோறும் மரம் நடும் நாள் தொடங்கியது. 1972இல் பூமலையில் அலங்காரத் தோட்டக்கலைப் பள்ளி திறக்கப்பட்டு, பயிற்சி பெற்ற ஆட்கள் உருவாக்கப்பட்டார்கள். 1975இல் வந்த சட்டம், கட்டடம் கட்டுபவர்களும் மரத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்றது. 1976இல் பூங்கா, பொழுதுபோக்குத் துறை தனித் துறையாக நின்றது. விளையாட்டுக்கு 1973இலேயே சிங்கப்பூர் விளையாட்டு மன்றம் வந்துவிட்டது. பிரிவு, பயிற்சி, சட்டம், துறை என்ற இந்த வரிசையை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால், 'பசுமை எப்படி நிலைத்தது?' என்ற கேள்விக்குத் தெளிவாகப் பதில் எழுதலாம்.

ஒரு குச்சியும் மூன்று அமைப்புகளும்

துறைகள் பெருகினால் இன்னொரு சிக்கல் வரும். 1988இல் நகர மன்றச் சட்டம் வந்தது. வீவக பேட்டைகளின் பொது இடங்கள் நகர மன்றங்களின் கைக்குப் போயின. 1990இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்காக் கழகம், முதலில் பூமலை, ஃபோர்ட் கென்னிங் பூங்கா, இயற்கை வனப்பகுதிகள் ஆகியவற்றை மட்டும் கவனித்தது. 1996இல் பழைய பூங்காத் துறையும் அதனுடன் இணைந்தது. கால்வாய்கள் இன்னொரு அமைப்பின் பொறுப்பு, சாலையோர நடைபாதை வேறொன்றின் பொறுப்பு.

பொதுமக்களுக்கு இதெல்லாம் தெரியுமா? 2014 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங், புக்கிட் கோம்பாக்கில் கிடந்த ஒரு மீன் உருண்டைக் குச்சியைப் பற்றிப் பேசினார். பக்கத்துப் பக்கத்தில் இருந்த சரிவு, பூங்கா இணைப்புப் பாதை, நடைபாதை மூன்றும் மூன்று வெவ்வேறு அமைப்புகளின் பொறுப்பில் இருந்தன. சின்னக் குச்சிதான், ஆனால் அதை எடுப்பது யார் வேலை? அதே ஆண்டில் நகராட்சிச் சேவைகளை ஒருங்கிணைக்க ஓர் அலுவலகம் அமைக்கப்பட்டது. புகார் செய்யச் செயலியும் வந்தது.

ஒருங்கிணைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு பீஷான் - அங் மோ கியோ பூங்கா. அங்கே காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான காங்கிரீட் கால்வாயாக ஓடியது. தண்ணீருக்கு ஓர் அமைப்பு, பூங்காவுக்கு இன்னோர் அமைப்பு. இரண்டும் சேர்ந்து வேலை செய்தபோது கால்வாய் உடைக்கப்பட்டு, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறானது. 2012இல் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது. மழைக்காலத்தில் வெள்ளம் பரவ இடம், மற்ற நாளில் பிள்ளைகள் விளையாட இடம். ஒரே நிலம், இரண்டு பயன்.

நிலம் யாருக்கு?

சிங்கப்பூரில் நிலம் குறைவு. ஒவ்வொரு திடலும் வீடு கட்டக்கூடிய இடம்தான். ஃபேரர் பார்க் வட்டாரத்தில் புதிய வீவக வீடுகளும் விளையாட்டு வசதிகளும் சேர்ந்து வருவதற்கான திட்டம் அறிவிக்கப்பட்டபோது, பழைய திடலோடு பழகியவர்கள் வருத்தப்பட்டார்கள். வீட்டுக்காகக் காத்திருக்கும் இளம் தம்பதிகளின் தேவையும் நியாயமானதுதான். இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டுத் தன் முடிவைக் காரணத்தோடு எழுதும் மாணவருக்குத்தான் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும்.

இன்னொன்றையும் மாணவர்கள் எழுதாமல் விடுகிறார்கள். காலனிக் காலத்தில் நகராட்சிக் கூலி வேலைகளில் தமிழர்கள் பலர் இருந்தார்கள். இன்றும் புல் வெட்டுவது, கிளை கழிப்பது போன்ற வேலைகளை ஒப்பந்த நிறுவனங்களின் கீழ்ச் செய்பவர்களில் இந்தியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த ஊழியர்கள் நிறையப் பேர். 2030க்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா இருக்க வேண்டும் என்பது இலக்கு. பூங்கா கூடக் கூட அவர்களுடைய வேலையும் கூடும். வெயிலில் அந்த வேலையைச் செய்பவர்களைக் குறிப்பிடாமல் 'பசுமை நகரம்' என்று எழுதினால் கட்டுரை பாதியில் நிற்கும்.

வகுப்பில் கலந்துரையாட

1. சிங்கப்பூரின் பசுமைக்கு அதிகம் துணைநின்றது தலைவர்களின் திட்டமா, பராமரிப்பு நிர்வாகமா? இரண்டு சான்றுகளுடன் விளக்குக.

2. உங்கள் பேட்டையில் உள்ள பூங்கா, விளையாட்டு இடம், கால்வாய் ஆகிய ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு? அறிவிப்புப் பலகைகளைப் பார்த்து ஓர் அட்டவணை தயாரியுங்கள்.

3. ஒரு திடலில் வீடு கட்டலாமா, கூடாதா என்று முடிவெடுக்கும்போது யாருடைய கருத்தைக் கேட்க வேண்டும்? ஏன்?