திருவாங்கூர் தனிநாடு கேட்ட ஐம்பது நாட்கள்

1947-ஆம் வருஷம் ஜூன் 11-ஆம் தேதி திருவாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஆங்கிலேயர் வெளியேறும் நாளிலிருந்து திருவாங்கூர் இந்தியாவிலும் சேராது, பாகிஸ்தானிலும் சேராது, சுதந்திரமான தனி ராஜ்யமாக நிற்கும் என்பது அதன் சாரம். அதை ஒட்டியே ஐதராபாத் நிஜாமும் அதே ராகத்தைப் பாடினார். ஐதராபாத் கதை எல்லாருக்கும் தெரியும். 1948-ல் பட்டாளம் போய்த்தான் முடிந்தது. திருவாங்கூர் கதை ஐம்பது நாளைக்குள் அடங்கிப் போனதால் நம்மவர்களில் பலருக்கு அது தெரியாது. மூணாறு, பீருமேடு, குமுளி என்று மலையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ அது தங்கள் வாசற்படியில் நடந்த சரித்திரம்.

இன்றைய வரைபடத்தை மனசில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழப்பம்தான் வரும். அன்றைக்குப் பாலக்காடு, சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. நேரடி ஆங்கில ஆட்சி. பக்கத்திலேயே இருக்கும் சிற்றூர் கொச்சி மகாராஜாவுடையது. இடுக்கி என்ற மாவட்டம் அப்போது கிடையாது, அது 1972-ல் உண்டானது. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்கள் எல்லாம் திருவாங்கூர். ஆக ஆகஸ்டு 15 அன்று பாலக்காடு கேள்வி கேட்காமல் இந்தியாவாகிவிடும். கொச்சியும் ஏப்ரல் மாதமே அரசியல் நிர்ணய சபைக்கு ஆள் அனுப்பிவிட்டது. சி.பி. நினைத்தது நடந்திருந்தால் போடிமெட்டு, குமுளி, சின்னாறு மூன்றும் அயல்நாட்டு எல்லைச் சாவடிகள் ஆகியிருக்கும்.

வியாபாரி என்ற முறையில் எனக்கு முதலில் கண்ணில் படுவது இந்தச் சாவடிதான். 1865-ல் பிரிட்டிஷ் இந்தியா, திருவாங்கூர், கொச்சி மூன்றும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையால்தான் உள்நாட்டுச் சுங்கத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. கொச்சித் துறைமுகத்துச் சுங்க வருமானத்தையும் பின்னாளில் மூவருமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ராஜாக்கள் வேறு வேறாக இருந்தாலும் சரக்கு ஒரே தேசத்தில் போவது போலப் போய்க்கொண்டிருந்தது. மூணாறு தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது மேற்கே கொச்சிக்கு இறங்குவதற்கு முன்னால் பல வருஷம் கிழக்கேதான் இறங்கியது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை, அங்கிருந்து கம்பிவட வழியில் குரங்கணிப் பக்கம், பிறகு போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. பாதை போனாலும் உறவு போகவில்லை. தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய கை தமிழ்க் கை, சந்தைக்கு அரிசி ஏறி வந்ததும் கிழக்கே இருந்துதான்.

இனி சி.பி.யின் வாதத்தைப் பார்ப்போம். அவரை வெறும் துரோகி என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ஆலயப் பிரவேசப் பிரகடனம் (1936), பள்ளிவாசல் மின்நிலையம் (1940) எல்லாம் அவர் காலத்து வேலைகள். புன்னப்புரை-வயலார் துப்பாக்கிச் சூடும் (1946 அக்டோபர்) அவர் காலத்து வேலைதான். அதையும் மறைக்கக் கூடாது. பிறந்த ஊர் வந்தவாசி. பொன்னூர் மலை இருப்பதால் எங்கள் தமிழ்ச் சமணர்களுக்கு அந்த வட்டாரம் புண்ணிய பூமி. அங்கே பிறந்த ஒரு தமிழர்தான் மலையாள ராஜ்யம் ஒன்றுக்குத் தனிக்கொடி கேட்டார் என்பது ஒரு விசித்திரம்.

அவர் சொன்னது இதுதான்: திருவாங்கூர் யாராலும் வெல்லப்பட்ட நாடு அல்ல. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரையே தோற்கடித்தார். கும்பினியோடு 1795-லும் 1805-லும் செய்தது உடன்படிக்கை. ஆங்கிலேய மேலாண்மை போகிறபோது அது இந்தியாவுக்குக் கைமாறாது, காற்றில் கரைந்துபோகும். பழைய சுதந்திரம் திரும்பி வரும். இந்திய சுதந்திரச் சட்டம் 7-ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையேதான் சொல்லிற்று. சட்டப்படி ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். 1805-க்குப் பிறகு வருஷா வருஷம் கும்பினிக்குக் கப்பம் கட்டி, ரெசிடெண்டு துரை சொல்படி ஆடிய நாட்டுக்கு என்ன சுதந்திரம் மிச்சம் இருந்தது என்று கேட்டால் மட்டும் பதில் கிடைக்காது.

ஆனால் சி.பி. நம்பியது சட்டத்தை மட்டும் அல்ல, மணலை.

1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர், திருவாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். தேடி வந்து பார்த்தால் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் குவியல் குவியலாகக் கிடக்கிறது. கயிறு வாங்கினவனுக்கு மணல் இனாமாகப் போய், இனாமாகப் போனதே கயிற்றைவிட விலை உயர்ந்ததாகிவிட்டது. எந்த வியாபாரிக்கும் வயிறு எரியும் சங்கதி. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. முதலில் அது பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் மேண்டிலுக்குப் பயன்பட்டது. 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகு கதையே மாறிற்று. யுரேனியத்துக்கு அடுத்தபடி அணுசக்திக்கு உதவும் பொருள் தோரியம் என்று வல்லரசுகள் கணக்குப் போட்டன. உலகத்து யுரேனியத்தையும் தோரியத்தையும் தங்கள் கைக்குள் கொண்டுவர அமெரிக்காவும் பிரிட்டனும் 1944-லேயே ஒரு கூட்டு அமைப்பை ரகசியமாக ஏற்படுத்தியிருந்தன. அவர்கள் பார்வை திருவாங்கூர்க் கடற்கரையிலும் விழுந்தது.

லண்டனில் அப்போது இரண்டு குரல் கேட்டது. வழங்கல் துறை அமைச்சகம், திருவாங்கூர் தனியாக இருந்தால் நமக்கு நல்லது, அதை அங்கீகரிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்றது. அட்லி அரசாங்கத்தின் பொதுக் கொள்கையோ வேறு: சமஸ்தானம் எதற்கும் தனி டொமினியன் அந்தஸ்து இல்லை, ஏதாவது ஒரு புதிய டொமினியனில் சேர்ந்துகொள்வதே உத்தமம் என்றது. ஜூன் 15-ஆம் தேதி காங்கிரஸ் கமிட்டியில் நேரு, இந்தியாவில் எந்த சமஸ்தானத்தின் சுதந்திரத்தையும் வெளிநாடு ஒன்று அங்கீகரித்தால் அதை நட்புக்கு விரோதமான செயலாகவே கருதுவோம் என்று எச்சரித்தார். அந்த வார்த்தை திருவனந்தபுரத்துக்குச் சொன்னதாகப் பட்டாலும் விலாசம் லண்டனும் வாஷிங்டனும்தான்.

சி.பி. இடறியது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். பெரிய கொள்முதல்காரனுக்குச் சரக்குதான் வேணும். கடைக்காரன் யாராயிருந்தா என்ன? மணல் திருவாங்கூரிடம் இருந்தால் திருவாங்கூரிடம் பேசுவான், நாளை டெல்லியிடம் போனால் டெல்லியிடம் பேசுவான். அறுபது லட்சம் ஜனங்கள் உள்ள ஒரு சமஸ்தானத்துக்காக முப்பது கோடிப் பேரின் விரோதத்தை வாங்கிக்கொள்ள பிரிட்டனுக்குப் பைத்தியமா? மணலுக்கு இருந்த கிராக்கியைத் தன் ராஜ்யத்துக்கு இருந்த கிராக்கி என்று அவ்வளவு பெரிய வக்கீல் எண்ணிவிட்டார். பகிரங்கமாகக் கை நீட்டியவர் ஜின்னா ஒருவர்தான். திருவாங்கூரோடு இருவருக்கும் அனுகூலமான உறவு வைத்துக்கொள்ளத் தயார் என்று ஜூன் 20 வாக்கில் தந்தி அடித்தார். திருவாங்கூரும் ஓய்வுபெற்ற போலீஸ் தலைவர் ஒருவரைப் பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியாக நியமித்தது. கராச்சி எங்கே, கன்னியாகுமரி எங்கே!

சோற்றுக் கணக்கும் ஒன்று உண்டு. திருவாங்கூர் தன் அரிசிக்குத் தானே விளைவித்து உண்ட நாடு அல்ல. தென்னையும் ரப்பரும் மிளகும் விற்ற காசில் பர்மா அரிசி வாங்கியது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அரிசி நின்றது. சேர்த்தலைப் பக்கம் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரயில் பாதையோ, ஒரே வழி: செங்கோட்டைக் கணவாய் வழியாகத் திருநெல்வேலிக்கு. கணவாய்க்கு அப்பால் தென்காசி, சென்னை மாகாணம். கதவை அந்தப் பக்கம் சாத்தினால் போதும்.

ஜூலை 21-ஆம் தேதி சி.பி. டெல்லி போய் மவுண்ட்பேட்டனைப் பார்த்தார். நீண்ட பேச்சு, பிடிகொடுக்காமல், யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பினார். 25-ஆம் தேதி ராத்திரி திருவனந்தபுரத்தில் ஒரு சங்கீதக் கச்சேரியிலிருந்து கிளம்பும்போது கே.சி.எஸ். மணி என்ற சோஷலிஸ்டு இளைஞர் அவரை வெட்டினார். முகத்திலும் கழுத்திலும் காயம், உயிர் தப்பினார். மாதக் கடைசியில் இந்தியாவில் சேரச் சம்மதம் என்று மகாராஜாவின் தந்தி டெல்லிக்குப் போயிற்று. ஆகஸ்டில் சி.பி. ஊரைவிட்டே போய்விட்டார். வெட்டுத்தான் முடிவைக் கொண்டுவந்தது என்பார்கள் சிலர். முடிவு செங்கோட்டைக் கணவாயிலும் லண்டன் அலுவலகங்களிலும் முன்பே எழுதியாகிவிட்டது. வெட்டு அதைச் சீக்கிரப்படுத்திற்று என்பதே என் எண்ணம்.

இத்தனை பேச்சிலும் யாரும் கேட்காத ஆட்கள் மலைத்தோட்டத் தமிழர்கள். நாஞ்சில் நாட்டில் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அப்போதே தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ் மாகாணத்தோடு சேர்க்கக் கேட்டது. 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி ஜில்லாவும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீருமேடும் வரவில்லை. அங்கே இருப்பவர்கள் பிழைக்க வந்து போகிற கூலிகள் என்ற எண்ணமும், அணைகளும் ஏலமும் தேயிலையும் அங்கே இருந்ததும் சேர்ந்து எல்லைக் கமிஷன் மேசையில் எடை போட்டன. குளமாவது மேடாவது என்று காமராஜர் சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் கம்பம் பக்கம் டீக்கடைகளில் அடிபடுகிறது. சி.பி. பெரிதாக நம்பிய மணவாளக்குறிச்சி மணலோ தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது! சவறை மணல் மட்டும் கேரளத்தில் தங்கியது. இரண்டு இடத்திலும் மத்திய அரசின் கம்பெனி மணல் எடுக்கிறது.

மணலைவிட நீண்ட வாலுள்ளது தண்ணீர். பெரியாற்றை மதுரைப் பக்கம் திருப்ப 1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவாங்கூரும் சென்னை மாகாணத்துக்காக இந்திய மந்திரியும் குத்தகைப் பத்திரம் எழுதினார்கள். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், 999 வருஷம். பென்னிகுவிக் கட்டிய அணை 1895-ல் முடிந்தது. மின்சாரம் எடுக்கும் உரிமை பற்றிச் சென்னையும் திருவாங்கூரும் தகராறு செய்து, 1941-ல் மத்தியஸ்தர் தீர்ப்பு திருவாங்கூர் பக்கம் போயிற்று. சென்னைக்குப் பாசனம் மட்டும்தான் என்றார்.

இப்போது அந்த 7-ஆம் பிரிவை மறுபடி எடுங்கள். ஆங்கிலேய மேலாண்மையோடு சமஸ்தானங்களின் உடன்படிக்கைகளும் காலாவதி என்கிறது அது. குத்தகையும் அதில் சேர்த்தியா? திருவாங்கூர் தனிநாடாகியிருந்தால் இந்தக் கேள்வி இரண்டு தேசங்களுக்கு நடுவே வந்திருக்கும். கம்பத்திலும் தேனியிலும் மதுரையிலும் நாற்று நடுகிறவன் அயல்நாட்டுத் தயவை எதிர்பார்த்து நின்றிருப்பான். அப்படி ஆகவில்லை. 1970 மே 29-ல் இரண்டு மாநிலங்களும் துணை ஒப்பந்தம் எழுதி, வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக்கி, மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்கும் மின் உற்பத்தி அனுமதியைத் தமிழ்நாட்டுக்கும் கொடுத்துக்கொண்டன. ஆனாலும் பழைய கேள்வி சாகவில்லை. 1947-ஓடு குத்தகை செத்துவிட்டது என்று கேரளம் உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. 2014 மே 7-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அதை ஏற்கவில்லை: அது அரசர்களின் உடன்படிக்கை அல்ல, சாதாரணக் குத்தகை, சுதந்திரச் சட்டத்தால் அது போகவில்லை என்றார்கள். நீர்மட்டம் 142 அடி என்பதையும் உறுதி செய்தார்கள். பத்திரத்தில் எழுதியபடி வாடகை ஏலப்பாறைகளையும் தேக்கடியையும் தாண்டி வருஷா வருஷம் மேற்கே போய்க்கொண்டிருக்கிறது.