துறைமுகத்துப் பிள்ளை

சென்ற வாரம் இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களுக்கு நடுவே நின்று 1856ஆம் ஆண்டைப் பார்த்தோம். இந்த வாரம் அங்கிருந்து கிழக்கே நடந்து காசிமேட்டுக்குள் நுழையலாம். விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். விசைப்படகுகள் வந்து அணைந்ததும் தரையில் வஞ்சிரமும் சங்கராவும் குவியும். அதைச் சுற்றி வட்டமாக ஆட்கள். நடுவில் ஒருவர் விலையை ஏற்றிக்கொண்டே போவார், மூச்சு விட இடமில்லாமல். ஏலம்!

அந்த ஒற்றைச் சொல்லிலிருந்துதான் இன்றைய கதையைத் தொடங்க வேண்டும். ஏலம் என்பது போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல். அவர்கள் மொழியில் லெய்லாவோ. நம் வாயில் தேய்ந்து ஏலம் ஆகிவிட்டது. எண்ணெய் ஊற்றி வைக்கிற பீப்பாய், வீட்டைப் பூட்டுகிற சாவி, காற்றுக்குத் திறக்கிற ஜன்னல், துணி அடுக்குகிற அலமாரி எல்லாம் அதே கப்பலில் வந்து இறங்கியவை. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டிலும், தெற்கே சாந்தோமிலும் 16ஆம் நூற்றாண்டில் அவர்கள் குடியேறியிருந்தார்கள். இடையில் கிடக்கும் நம் வடசென்னைக் கரையை ஒட்டித்தான் அவர்கள் பாய்மரங்கள் போய்வந்தன.

போர்த்துகலின் கடலோடிகளுக்குக் கப்பல் கட்டித் தந்த ஊர்களில் ஒன்று விலா டோ கொண்டே. நாட்டின் வடக்குக் கரையில், ஆவே என்ற ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைத் தொடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் மீனவர் குடியிருப்புக்குப் பெயர் காஷினாஸ். காசிமேட்டோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனால் அங்குள்ள தேவாலயத்தைப் படகின் வடிவத்திலேயே கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், மீனவரான இராயப்பர் பெயரில் கோயிலும் பேட்டையும் கொண்ட நம் ஊர்க்காரர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

1982 ஆகஸ்ட் 2 அன்று அந்த ஊரில் பிறந்தவர் ஹெல்டர் போஸ்டிகா. போர்த்துகலுக்காக 71 ஆட்டங்கள், 27 கோல்கள். ரொனால்டோ, ஃபிகோ, யூசேபியோ என்று நம் பையன்கள் சுவரில் எழுதும் பெயர்களின் வரிசையில் இவர் பெயர் இருக்காது. ஆனால் அவர்களில் யாரும் செய்யாத ஒன்றை இவர் செய்திருக்கிறார். சென்னையில் வந்து ஆடி, சென்னையின் வலைக்குள் இரண்டு முறை பந்தை அடித்தார்.

அந்த இரவுக்கு வருவதற்கு முன் அவர் ஏறி வந்த படிகளைப் பார்த்துவிடலாம்.

பக்கத்து ஊரான போவோவா டி வார்சிமில் இருக்கும் வார்சிம் கிளப்பின் சிறுவர் அணியில் தொடங்கி, 13 வயதுவாக்கில் போர்ட்டோ நகரின் பெரிய கிளப்புக்குப் போனார். விலா டோ கொண்டேயிலிருந்து போர்ட்டோ 30 கிலோமீட்டருக்குள்தான். எண்ணூரிலிருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குப் போகிற தூரத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. அந்தத் தூரத்துக்குள் ஒரு மீனவர் குடியிருப்புச் சிறுவனைக் கண்டெடுத்து, வளர்த்து, 19 வயதில் முதல் அணியில் இறக்கும் ஏற்பாடு அந்த நாட்டில் இருந்தது. இதே காஷினாஸ்தான் பின்னாளில் ரியல் மாட்ரிடில் ஆடிய ஃபாபியோ கொயன்ட்ராவோவையும் தந்தது. மண் மட்டும் இத்தனை ஆட்டக்காரர்களைத் தந்துவிடாது. பையன்களைத் தேடி வருகிற கண்கள் வேண்டும்.

2002 ஜனவரியில் போர்ட்டோவுக்குப் பயிற்சியாளராக வந்தார் ஜோசே மொரின்யோ. அடுத்த சீசனில் போர்ட்டோ லீக், நாட்டின் கோப்பை, யுஈஎஃப்ஏ கோப்பை என மூன்றையும் அள்ளியது. லீக்கில் மட்டும் 13 கோல் அடித்த போஸ்டிகாவுக்கு வயது 20. இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணி 60 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து 2003 கோடையில் அவரை வாங்கியது.

அங்கேதான் சறுக்கல். அவரை விரும்பி வாங்கிய பயிற்சியாளர் கிளென் ஹாடில் செப்டம்பரிலேயே நீக்கப்பட்டார். லண்டனின் குளிரும் வேகமும் முரட்டு மோதலும் பையனுக்கு ஒத்துவரவில்லை. சீசன் முழுக்க லீக்கில் ஒரே ஒரு கோல், லிவர்பூலுக்கு எதிராக. அவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே மாதங்களில், விட்டுவந்த போர்ட்டோ ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கையே வென்றுவிட்டது. 2004 மே 26 அன்று மொனாக்கோவை 3-0 என்று வீழ்த்திய பழைய தோழர்கள் கோப்பையைத் தூக்கினார்கள். ஒரு வருடம் பொறுத்திருந்தால் அந்தப் படத்தில் இவரும் நின்றிருப்பார். ஸ்ட்ரைக்கர் வாழ்க்கையில் பந்து வரும் நேரமும் கால் போகும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும் என்பார்கள். கிளப் மாறுவதற்கும் அது பொருந்தும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2004 ஜூன் 24, லிஸ்பன், லூஸ் ஸ்டேடியம். யூரோ கோப்பைக் காலிறுதியில் போர்த்துகலும் இங்கிலாந்தும். மூன்றாவது நிமிடத்திலேயே மைக்கேல் ஓவன் அடித்துவிட, சொந்த மண்ணில் போர்த்துகல் ஒரு மணி நேரத்துக்கு மேல் திணறியது. 75ஆவது நிமிடத்தில் பயிற்சியாளர் ஸ்கொலாரி யாரும் நினைக்காததைச் செய்தார். தேசத்தின் செல்லப்பிள்ளையான கேப்டன் ஃபிகோவை வெளியே அழைத்து, லண்டனில் தோற்றுத் திரும்பிய போஸ்டிகாவை உள்ளே அனுப்பினார்.

எட்டே நிமிடம். இடப்பக்கத்திலிருந்து சிமாவோ சப்ரோசா தூக்கிப் போட்ட பந்தை போஸ்டிகா தலையால் வலைக்குள் தள்ளினார். 1-1. கூடுதல் நேரத்தில் ஆளுக்கொரு கோல். பிறகு பெனால்டி. முதல் ஐந்து உதைகளில் இரு பக்கமும் ஒவ்வொன்று தவறியது. ஆறாவதை ஆஷ்லி கோல் அடித்துவிட்டார். இனி போஸ்டிகா தவறவிட்டால் போர்த்துகல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த உதையை இன்றைக்கும் தேடிப் பாருங்கள். ஓடி வருகிறார். கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ் ஒரு பக்கம் பாய்கிறார். போஸ்டிகா பந்தின் அடியில் பாதத்தை மெல்லக் கொடுத்து, நடுவில் காலியாக இருக்கும் இடத்தில் மிதக்கவிடுகிறார். பந்து அவசரமே இல்லாமல் வலைக்குள் இறங்குகிறது. 1976 யூரோ இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா காட்டிய வித்தை அது. பெயரே பனென்கா என்று நிலைத்துவிட்டது. ஒரு வருடம் முழுக்கத் தன்னைக் கேலி செய்த நாட்டின் எதிரில், தவறினால் தேசத்துரோகி ஆகிவிடக்கூடிய நொடியில், 21 வயதுப் பையன் அதைச் செய்தான். அடுத்த உதையைக் கோல்கீப்பர் ரிக்கார்டோ கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் தடுத்ததும், பிறகு தானே வந்து அடித்து வென்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு வாய்ப்பு வாங்கிக் கொடுத்த காலை மறக்கலாகாது.

அந்தக் கோப்பையின் இறுதியில் கிரீஸிடம் 0-1 என்று போர்த்துகல் தோற்றது. 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் மீண்டும் இங்கிலாந்து, மீண்டும் பெனால்டி, மீண்டும் போஸ்டிகா அடித்தார். 2008 யூரோ காலிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக ஒரு தலைக் கோல். 2010 நவம்பரில், உலகச் சாம்பியனாகி நான்கே மாதம் ஆன ஸ்பெயினை லிஸ்பனில் 4-0 என்று புரட்டியபோது அதில் இரண்டு இவருடையவை. 2012 யூரோவில் டென்மார்க்குக்கு எதிராக ஒன்று. போர்ட்டோ, பிரான்ஸின் செயின்ட் எட்டியன், கிரீஸின் பனதினைக்கோஸ், ஸ்போர்ட்டிங், ஸ்பெயினின் ஸரகோசா, வலென்சியா, ரோமில் லாசியோ, மறுபடி ஸ்பெயினில் டிபோர்ட்டிவோ என்று கப்பல் மாறிக்கொண்டே இருந்தார். கிளப்புகளில் கோல் வறண்ட சீசன்கள் பல. தேசச் சட்டை போட்டால் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும்.

2015இல் இந்தியன் சூப்பர் லீக் இரண்டாவது சீசனுக்காகக் கொல்கத்தா அணி அவரை நட்சத்திர வீரராக அழைத்து வந்தது. அதே சீசனில் வடகிழக்கு அணிக்கு வந்தவர் சிமாவோ சப்ரோசா. 11 வருடத்துக்கு முன் லிஸ்பனில் பந்தைத் தூக்கிப் போட்டவரும் தலையால் தள்ளியவரும் ஒரே நேரத்தில் இந்திய மண்ணில்! நம் செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக எழுதாமல் விட்டது இன்றும் எனக்கு ஆற்றாமை.

சீசனின் முதல் ஆட்டம் 2015 அக்டோபர் 3, சென்னை நேரு ஸ்டேடியம். சென்னையின் எஃப்.சி.யும் நடப்புச் சாம்பியன் கொல்கத்தாவும். நம் பக்கம் பயிற்சியாளர் மெட்டராஸி. உலகக் கோப்பை இறுதியில் ஜிதேனின் தலை முட்டிய அதே இத்தாலிக்காரர். களத்தில் பிரேசிலின் எலானோ, மிசோரமின் ஜெஜெ, கொலம்பியாவின் மென்டோசா.

13ஆவது நிமிடம், போஸ்டிகா. ஜெஜெ சமன் செய்தார். 70ஆவது நிமிடம், மறுபடியும் போஸ்டிகா. அந்த இரண்டாவது கோலோடு அவர் உடம்பு பிடித்துக்கொண்டது. காயத்தோடு வெளியேறினார். ஆட்டம் கொல்கத்தாவுக்கு 3-2. அந்த சீசனில் போஸ்டிகா ஆடியது அந்த ஒரே ஆட்டம்தான். ஒரு சீசன், ஒரு ஆட்டம், இரண்டு கோல், அத்தனையும் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் புல்தரையில். பிறகு சிகிச்சைக்காக ஊர் திரும்பிவிட்டார்.

அவர் இல்லாத சீசன் எப்படிப் போனது என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நவம்பர், டிசம்பர் மழை ஊரை மூழ்கடித்தது. கடற்கரைக் குப்பங்களின் மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து ஆட்களை மீட்டார்கள். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். எதிரணி அதே கொல்கத்தா. டிசம்பர் 12 அன்று 3-0 என்று வென்ற சென்னை, டிசம்பர் 20 கோவாவில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் சேர்த்துக் கோப்பையைத் தொட்டது.

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு தனிக்கணக்கு உண்டு. இங்கே கால்பந்து வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தெருவில் இருக்கிறது. துறைமுகம், ரயில்வே, ஐ.சி.எஃப். என்று ஒவ்வொரு பெரிய நிறுவனமும் அணி வைத்திருந்தது. நன்றாக ஆடுகிற பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும். காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸ், மாதம் பிறந்தால் சம்பளம். ஒரு குடும்பத்தை மேலே தூக்கிவிட அது போதுமானதாக இருந்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஏணி வேலையில் போய் முடிந்தது. போர்ட்டோ, லண்டன், லிஸ்பன் என்று போகிற ஏணி வேறு. 13 வயதுப் பையனை ஆடுவதற்காகவே எடுத்து வளர்க்கும் கிளப் இங்கே ஒன்றுகூட இல்லாமல் எத்தனை தலைமுறை கால்கள் வீணாகியிருக்கும்? இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து என்னை உறுத்தும் கேள்வி இது.

வழி மெல்லத் திறந்தது. வியாசர்பாடியில், முல்லை நகர் மைதானத்தில், ஊர் இளைஞர்களே முன்வந்து குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பந்தும் பள்ளிப்பாடமும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ‘குட்டி பிரேசில்’ என்ற பெயர் அந்தப் பேட்டைக்கு ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து வந்தவர் தனபால் கணேஷ். ஆள் மிட்ஃபீல்டர், ஸ்ட்ரைக்கர் இல்லை. ஆனாலும் 2018 மார்ச் 13 அன்று நேரு ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் சென்னை 3-0 என்று வென்றபோது அதில் ஒரு கோல் வியாசர்பாடிப் பையனுடையது. போஸ்டிகா அடித்த அதே மைதானம். சென்னை அந்த வருடமும் சாம்பியன்.

கொல்கத்தாவிலிருந்து ஒருவர் வந்து இங்கே அடித்ததற்குப் பதிலாக இங்கிருந்து ஒருவர் அங்கே போய் அடித்ததும் நடந்தது. 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை, கொல்கத்தாவின் பரம எதிரிகளான ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும். தொடர்ந்து எட்டு டெர்பிகளில் தோற்றுக் கிடந்தது ஈஸ்ட் பெங்கால். 60ஆவது நிமிடத்தில் வலப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து இடக்காலால் ஒரு அடி. அந்த ஒரே கோலில் ஆட்டம் முடிந்தது. அடித்தவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். சால்ட் லேக் ஸ்டேடியத்தின் பாதிக் கூட்டம் அவர் பெயரைக் கத்தியது.

போஸ்டிகாவோ, 2015 காயத்துக்குப் பிறகு சில மாதங்கள் ஆடப் போன இடம் ரியோ ஆவே. பெயரின் பொருளே ஆவே ஆறு. விலா டோ கொண்டேயின் சொந்த கிளப். போர்ட்டோவுக்குப் போன நாளிலிருந்து பல ஊர்கள் சுற்றிய பிறகு, 33 வயதில்தான் பிறந்த ஊரின் சட்டையை முதன்முறையாகப் போட்டார். அதே 2016இல் கொல்கத்தாவுக்கு மறுபடி வந்தார். டிசம்பர் 18 அன்று கொச்சியில் கேரளாவைப் பெனால்டியில் வீழ்த்திக் கொல்கத்தா கோப்பையை வென்றபோது அவரும் அந்த அணியில் இருந்தார்.