வண்டி வாராத நிலையங்கள்

பிரிட்டனின் சிற்றூர்ப் புகைவண்டி நிலையங்கள் பல, தோன்றிய காலத்திலேயே பாதி வீடுகளாக இருந்தவை. பயணச்சீட்டு வழங்கும் அறையின் பக்கத்திலோ மேலோ நிலைய அதிகாரியின் குடும்பம் வாழ்ந்தது. ஒருபுறம் அடுப்பு எரிந்தது. மறுபுறம் மணி ஒலித்தது. பின்னாளில் அவை முழு வீடுகளாக மாறியதற்கு இந்த அமைப்பே வழிசெய்தது எனலாம்.

அம்மாற்றத்தை விரைவுபடுத்தியது 1963 மார்ச்சில் வெளியான ரிச்சர்ட் பீச்சிங்கின் அறிக்கை. இருப்புப்பாதைத் துறை இழப்பில் உழன்ற காலம் அது. பாதைகளின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, பயணப் போக்குவரத்தில் 1 விழுக்காட்டையே தாங்குகிறது என்று கணக்கிட்ட அவர், 2,363 நிலையங்களை மூடப் பரிந்துரைத்தார். சில தப்பின, மூடப்பட்டவற்றுள் பல இடித்துத் தள்ளப்பட்டன, எஞ்சியவற்றுள் பல விலைக்கு வந்தன.

நார்ஃபோக் வட்டாரத்து வுல்ஃபர்ட்டன் நிலையத்தின் வரலாறு தனித்தன்மை உடையது. 1862-இல் அது திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் அருகிலுள்ள சாண்ட்ரிங்ஹாம் மாளிகை வேல்ஸ் இளவரசருக்காக வாங்கப்பட்டது. மன்னர் குடும்பத்தினர் இளைப்பாறத் தனி அறைகள் எழுந்தன. விளக்குக் கம்பங்களும் மணிமுடி சூடி நின்றன. 1936-இல் ஐந்தாம் ஜார்ஜின் உடலும், 1952-இல் ஆறாம் ஜார்ஜின் உடலும் இங்கிருந்தே இலண்டன் சென்றன. 1969-இல் பாதை மூடப்பட்டது. அந்நிலையம் சில காலம் அருங்காட்சியகமாக விளங்கிப் பின்னர் தனியார் இல்லமாயிற்று.

ஸ்டாஃபோர்ட்ஷயரில் 1849-இல் எழுந்த ஆல்ட்டன் நிலையமோ 1965-இல் வண்டியை இழந்தது. பழம்பெரும் கட்டடங்களைக் காக்கும் லேண்ட்மார்க் அறக்கட்டளை அதனைச் செப்பனிட்டது. விரும்புவோர் வாடகை செலுத்திச் சில நாள் அங்கே தங்கலாம்.

குடியேறியவர்கள் இல்லையேல் இத்தகைய கட்டடங்கள் பல மண்ணோடு மண்ணாகியிருக்கும். ஆயினும், பேணப்பட்டது கட்டடமே, நிலையம் அன்று. எவரும் கேளாமல் நுழையக்கூடியதாக இருந்த வாயில், உரிமையாளரின் கதவாயிற்று.

பாதை மீள்வதும் எளிதன்று. ஸ்காட்லாந்தில் 1969 ஜனவரியில் மூடப்பட்ட வேவர்லி பாதையின் ஒரு பகுதி, 2015 செப்டம்பரில்தான் எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரை மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட 46 ஆண்டுகளில் நகரின் புறவழிச்சாலையே பழைய தடத்தை ஊடறுத்துவிட்டது. ஒரு கையெழுத்தால் மூடியதைத் திறக்க ஒரு தலைமுறைக்கும் மேலான காலம் வேண்டியிருந்தது. வீடாகிவிட்ட நிலையங்கள் அழகியவை. அவற்றின் நடைமேடையில் இன்று பூச்செடிகள் நிற்கலாம், ஊரார் நிற்பதற்கில்லை.