காஸ் ஷே இஞ்சின் எண் 5

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் காஸ் என்னும் சிற்றூரின் காட்டு ரயில் பாதைக்காக 1905-இல் கட்டப்பட்ட நீராவி இஞ்சின். ஓஹையோ மாநிலத்து லைமா நகரில் உருவானது. மலையிலிருந்து மரம் இறக்குவதற்காக வந்த இது, அந்தத் தொழில் படுத்த பிறகும் ஊரைவிட்டுப் போகவில்லை; நூறாண்டைக் கடந்தும் அதே தடத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றிருக்கிறது. காட்டு இஞ்சின்களில் தப்பிப் பிழைத்தவை பெரும்பாலும் கைமாறி, ஊர்மாறி வந்தவை. வேலைக்கு வந்த இடத்திலேயே தங்கிவிட்டது என்பதுதான் 5-ஆம் எண்ணின் தனிச்சிறப்பு.

இந்த வகைக்குப் பெயர் தந்த எஃப்ரெய்ம் ஷே (1839–1916) மிச்சிகனில் மரவேலை நடத்தியவர். அங்கே வெட்டிய மரங்களைப் பனிக்காலத்தில் சறுக்குவண்டிகளில் இழுப்பார்கள். பனி உருகினால் வேலை நின்றுவிடும். ஆண்டு முழுவதும் மரம் இறக்க ஷே தண்டவாளம் போட்டார். காட்டுத் தடத்தில் சரிவும் வளைவும் அதிகம், அடித்தளமோ பலவீனம். வழக்கமான இஞ்சின் அதற்குச் சரிப்படாது. 1870-களின் பிற்பகுதியில் அவர் ஒரு தட்டை வண்டிமேல் கொதிகலனை ஏற்றி, பல்சக்கரங்கள் வழியே சக்கரங்களைச் சுழலவைத்தார். 1880-இல் லைமா தொழிற்சாலை இந்த வடிவில் இஞ்சின் கட்டத் தொடங்கியது. 1881-இல் காப்புரிமை கிடைத்தது. 1945 வரை ஏறத்தாழ 2,770 ஷே இஞ்சின்கள் வெளிவந்தன.

முன்னால் நின்று பார்த்தால் ஷே கோணலாகத் தெரியும். வலப்பக்கத்தில் மூன்று சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் எடைக்கு ஈடாகக் கொதிகலனை நடுவிலிருந்து இடப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். சிலிண்டர்கள் சுழற்றும் தண்டு, லாரியின் அடியில் ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல, இஞ்சினின் பக்கவாட்டில் முன்னும் பின்னும் நீள்கிறது. வளைவில் மடங்கிக்கொடுக்க இடையிடையே இணைப்புகள். தண்டிலுள்ள சிறு பல்சக்கரங்கள் சக்கரங்களின் வெளிமுகத்துப் பல்சக்கரங்களைத் திருப்புகின்றன. 5-ஆம் எண்ணுக்கு மூன்று சக்கரத் தொகுதிகள். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருப்பதும் இழுவையில் சேர்ந்துகொள்கிறது. ஆக, வண்டியின் மொத்த எடையும் பிடிமானமாகிறது. வேகத்தை விட்டுக்கொடுத்து வாங்கிய வலிமை இது. சத்தம் மட்டும் ஆளை ஏமாற்றும்: சாதாரண இரட்டைச் சிலிண்டர் இஞ்சின் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் நான்கு முறை புகைவிடும் என்றால், ஷே பன்னிரண்டு முறையேனும் விடும். காதுக்கு எக்ஸ்பிரஸ், கண்ணுக்கு மாட்டுவண்டி வேகம்.

காஸ் ஊரே மரத்துக்காகப் பிறந்தது. மேற்கு வர்ஜீனியா பல்ப் அண்டு பேப்பர் நிறுவனம், வர்ஜீனியாவின் கவிங்டனிலிருந்த தன் காகித ஆலைக்கு ஸ்புரூஸ் மரம் தேடி வந்து 1901-இல் இந்த ஊரை அமைத்தது. கிரீன்பிரையர் ஆற்றங்கரையிலிருந்து சீட் மலைமேல் தண்டவாளம் ஏறியது. சில இடங்களில் சரிவு நூற்றுக்குப் பதினொன்று. நேராக ஏற வழியில்லாத இடத்தில் வண்டி ஒருமுறை முன்னோக்கியும் மறுமுறை பின்னோக்கியும் போய் உயரத்தைப் பிடிக்கும். 1942-இல் மோவர் நிறுவனத்துக்குக் கைமாறிய காஸ் மரம் அறுக்கும் ஆலை, 1960-இல் மூடப்பட்டது.

தண்டவாளமும் இஞ்சின்களும் காயலான் கடைக்குப் போகவேண்டிய நேரம். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரயில் ஆர்வலர் ரஸ்ஸல் பாம், இதைச் சுற்றுலா ரயிலாக நடத்தலாம் என்று எடுத்துச் சொல்லி ஆதரவு திரட்டினார். 1961-இல் மாநிலச் சட்டமன்றம் இசைந்தது. 1963 ஜூன் மாதம் நான்கு மைல் தொலைவிலுள்ள விட்டேக்கர் வரை முதல் சுற்றுலா ரயில் ஓடியது; 1968-இல் 4,842 அடி உயரமுள்ள பால்ட் நாப் சிகரம் வரை பாதை நீண்டது. 1977-இல் நிறுவனம் கட்டிய ஊரையும் மாநிலம் வாங்கிக்கொண்டது. இஞ்சினை மட்டும் காப்பாற்றியிருந்தால் அது கண்காட்சிப் பொருளாகியிருக்கும். ஏறுவதற்கு மலைத்தடமும் பழுதுபார்க்கப் பட்டறையும் கூடவே தங்கியதால்தான் ஓடும் இஞ்சினாக இருந்தது. 2015 முதல் ரயிலை நடத்தும் பொறுப்பு டர்பின் அண்டு கிரீன்பிரையர் வேலி நிறுவனத்திடம் உள்ளது.

ஓடவைப்பது செலவுபிடித்த வேலை. அமெரிக்க விதிப்படி 1,472 ஓட்ட நாள் அல்லது 15 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது, கொதிகலனின் குழாய்களைக் கழற்றி, தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்தாக வேண்டும். லைமாவில் நீராவி இஞ்சின் கட்டுவது 1949-இலேயே நின்றுவிட்டது; தேய்ந்த பாகம் கடையில் கிடைக்காது, கடைந்துதான் செய்யவேண்டும். 1972-இல் பட்டறை தீயில் எரிந்தபோது, மீண்டும் ஒன்றைக் கட்டாமல் தீரவில்லை.

மலையேறும்போது பெரும்பாலும் இஞ்சின் பெட்டிகளுக்குக் கீழே, பின்னாலிருந்து தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் தனியே உருண்டு இறங்கிவிடாது. பயணிகள் அமர்வது மரம் சுமந்த பழைய தட்டை வண்டிகளில். கூரையும் பெஞ்சும் பிறகு சேர்ந்தவை. வழியில் ஓட்ஸ் ரன் ஓடையருகே தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். படமெடுப்பவர்கள் வலப்பக்கமாக நிற்பது நல்லது. சிலிண்டரும் பல்சக்கரமும் அந்தப் பக்கம் மட்டுமே.